பொட்டு வைக்காத வாளி

ஆயுத பூஜை அன்று அண்ணன் வீட்டில் பொட்டுக்குத் தப்பிய பொருள் என்று ஒன்றைக் காட்டுவது கஷ்டம். அண்ணனின் லோடு வண்டியில் தொடங்கி அரிவாள்மனை, தையல் மிஷின், பிள்ளைகளின் ஜியாமெட்ரி பாக்ஸ், செல்போன் சார்ஜர் வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. மறுநாள் மாவாட்டும்போது கிரைண்டரின் பொட்டு சுற்றிச் சுற்றி வருவதை நாங்கள் வேலையை விட்டுவிட்டுப் பார்த்திருக்கிறோம். அந்த வரிசையின் கடைசியில், சுவரோரம், ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் வாளி இருக்கும். வாய்க்கு வெள்ளைத் துணி மூடி, நடுவில் கை நுழையும் அளவுக்கு ஒரு குழல். அதற்கு மட்டும் பொட்டு கிடையாது, பூவும் கிடையாது. சாம்பிராணிப் புகை தானாக அந்தப் பக்கம் போனால்கூட மதினி முந்தானையால் விசிறி விரட்டுவார். புதிதாக வருகிறவர்கள் குப்பைத் தொட்டி என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் அந்த வீட்டில் மதினி அதிகம் மதிக்கும் சாமான் அதுதான்.

அது ஒரு கொசுப் பொறி. நான் வேலை பார்க்கும் பூச்சி ஆய்வகத்திலிருந்து வந்தது. உள்ளே சின்ன மின்விசிறி ஒன்று காற்றைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருக்கும் குழிக்குள் ஒரு பொட்டலம். மனிதத் தோலிலிருந்து, முக்கியமாகக் காலிலிருந்து வரும் வாடையில் எந்தெந்த ரசாயனம் கொசுவைச் சுண்டி இழுக்கிறது என்று கண்டுபிடித்து, அவற்றைக் கலந்து அடைத்தது. டெங்குவைப் பரப்பும் கொசு பெரும்பாலும் வாடையை வைத்துத்தான் ஆளைத் தேடி வருகிறது. யாரோ கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நம்பி ஆசையாக வாளிக்குப் பக்கத்தில் வரும். வந்ததும் காற்று அதை உள்ளே இழுத்து வலைப்பையில் தள்ளிவிடும். வாராவாரம் அந்தப் பையை ஆய்வகத்தில் எண்ணினால், எந்தச் சந்தில் கொசு ஏறுகிறது என்று காய்ச்சல் வருவதற்கு முன்பே ஓரளவு தெரிந்துவிடும். ஏறுகிற சந்துக்கு முதலில் ஆட்கள் போவார்கள், தொட்டிகளைத் தேய்த்துக் கழுவுவார்கள், புகை அடிப்பார்கள். கொசுவைக் கொல்வதைவிட, கொசு எங்கே இருக்கிறது என்று நமக்குச் சொல்வதுதான் அந்த வாளியின் பெரிய வேலை.

வீடுகளில் பொறியை வைத்து, பை எடுத்து வரும் வேலை மதினிக்குக் கிடைத்தது. என் சிபாரிசு எதுவும் இல்லை என்றால் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் நம்ப மாட்டார்கள். அவர் அதற்கு முன்பே டெங்கு தடுப்பு வேலைக்குத் தினக்கூலியாகப் போய்க்கொண்டிருந்தவர். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, சிம்மக்கல்லில் லோடு வண்டி ஓட்டும் என் அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். வீடு வீடாகப் போய் டிரம்மைத் திறந்து டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், புழு நெளிந்தால் கொட்டச் சொல்ல வேண்டும். குழாயில் தண்ணீர் வருவதே பெரிய பாடாக இருக்கும் சந்துகளில், பிடித்து வைத்த தண்ணீரைக் கொட்டு என்று சொல்கிறவருக்கு யார் காபி கொடுப்பார்கள்? முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியவர்கள் உண்டு, நாயை அவிழ்த்துவிட்டவர்களும் உண்டு. மதினியும் லேசுப்பட்டவர் இல்லை. பதிலுக்குப் பதில் பேசி, டிரம்மையும் பார்த்துவிட்டுத்தான் நகர்வார். ஆனால் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்த பிறகு அவருடைய முகம் வாடிக் கிடப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

பொறிகள் வந்ததும் அந்த முகம் மாறியது. ஆபீஸ் வண்டியில் வந்து இறங்கிய மிஷின்கள், அவருடைய பொறுப்பில். தண்ணியக் கொட்டச் சொல்ற பொம்பளை என்று திட்டு வாங்கியவர் ஒரே வாரத்தில் மிஷின்காரம்மா ஆனார். முதல் நாள் பொட்டலத்தைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு என்னிடம் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“ஒங்க அண்ணே வேலை முடிஞ்சு வந்து செருப்பக் கழட்டிப் போடுவாருல்ல, அச்சு அசல் அந்த வாடை. இதுக்கா பாப்பா படிச்சவுக அம்புட்டுப் பேரும் ஒக்காந்து மண்டையப் பிச்சுக்கிட்டாக?”

வாடைதான் சிக்கலாகவும் இருந்தது. நல்ல காரியத்துக்கு என்று வாளியை வாங்கி வைத்துக்கொண்ட வீடுகள், நாலு நாளில் அதைக் கொல்லைப்புறத்துக்குத் தள்ளின. பெண் பார்க்க வருகிறார்கள் என்று ஒரு வீட்டில் விசிறியை நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை என்று இன்னொரு வீட்டில் சாக்கைப் போட்டு மூடினார்கள். முகம் சுளிக்காமல் வாளியை முன்னறையிலேயே வைத்திருந்தது பூக்கார அக்கா மட்டும்தான். சந்து முனையில் கூடையை வைத்து மல்லிகை கட்டி விற்கிறவர். மதினியைவிட மூத்தவர், பேச்சில் கறார், மனசில் அப்படி இல்லை. என் மூக்குக்கு மல்லிகப்பூ வாசத்தத் தவிர எதுவும் ஏறாது, ஒன் மிஷின் பாட்டுக்குக் கெடக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அந்த ஆவணியில் அவருடைய மகள் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாணமாகி வெகுநாள் கழித்து, கோயில் கோயிலாக ஏறி இறங்கித் தங்கிய கரு. அந்தச் சந்தே அவள் வயிற்றைக் காத்துக்கொண்டிருந்தது என்று சொல்லலாம்.

இந்த நிலையில்தான் ஆயுத பூஜை வந்தது. வருடா வருடம் அண்ணனுடைய வண்டி குளித்து மாலை போட்டு நிற்பதை மதினி பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். தனக்கென்று பூஜையில் வைக்க அவருக்கு எதுவும் இருந்ததில்லை. டார்ச் லைட்டை வைத்தபோது அண்ணன் கேலி செய்ததாகப் பிறகு சொன்னார். இப்போது மிஷின்கள் இருந்தன. பூஜைக்கு முந்தின நாள் வீடு வீடாகப் போய் எல்லா வாளிகளையும் சேகரித்து, சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய வைத்தார். சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தார். பூக்கார அக்கா ஒவ்வொரு வாளிக்கும் ஒரு முழம் மல்லிகை காசு வாங்காமல் கொடுத்தார். அந்தப் பொட்டலங்களை என்ன செய்வது? கால் நாற்றத்தைச் சாமிக்கு முன்னால் திறந்து வைக்க மனசு வரவில்லை. ஆபீஸ் சாமான், தூக்கி எறியவும் முடியாது. ஒவ்வொன்றையும் பாலிதீன் பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு, அதே இடத்தில் வைத்துவிட்டார். அந்தக் குழிக்குள் ஒரு துண்டு பச்சைக்கற்பூரத்தையும் துணியில் முடிந்து போட்டார். பிறகு சாம்பிராணி, தேங்காய், பொரிகடலை.

நான் அந்த விடுமுறையில் திருப்பரங்குன்றத்தில் என் மாமியார் வீட்டுப் பூஜையில் மாட்டிக்கொண்டிருந்தேன். அதனால் இது எதையும் பார்க்கவில்லை.

வாளிகள் வீடுகளுக்குத் திரும்பிப் போனபோது நடந்த அதிசயத்தை மதினி வாய் ஓயாமல் சொல்வார். கொல்லைக்குத் தள்ளிய வீடுகள் எல்லாம் வாளியை ஹாலுக்குக் கொண்டுவந்தன. கோயில் வாசம் அடிக்குதே என்று பாராட்டினார்கள். மகிழ்ந்துபோன மதினி, பை எடுக்கப் போகும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கற்பூரத்தைப் புதிதாக மாற்றி வைத்தார். பையில் கொசு குறைந்தது, அடுத்த வாரம் இன்னும் குறைந்தது, அப்புறம் பேருக்கு ஒன்றிரண்டு. மழை தொடங்கும் நேரத்தில் இப்படிக் குறைகிறதே என்று நான் போனில் விசிறி ஓடுகிறதா, பொட்டலம் இருக்கிறதா என்று கேட்டேன். ரெண்டும் இருக்கு பாப்பா என்றார். அது உண்மையும்தான். சாமி கும்பிட்ட கைராசி என்று சேர்த்துச் சொன்னார். எல்லோரும் சொல்வதுதானே என்று விட்டுவிட்டோம். எங்கள் அதிகாரி சந்தோஷமாக அந்தச் சந்துக்கு ஒதுக்கியிருந்த ஆட்களை வைகைக்கு அந்தப் பக்கம் இருந்த வேறொரு வட்டாரத்துக்கு அனுப்பினார். மதினியோ, மதியத்தில் அசதியாகக் கிடந்த பூக்கார அக்காவின் மகளிடம், மிஷினுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படு, ஒரு கொசு அண்டாது என்று உரிமையோடு சொல்லியிருக்கிறார். அவளும் தினமும் அங்கேதான் படுத்தாள்.

தீபாவளியை ஒட்டி அடைமழை. அது ஓய்ந்து சில நாட்களில் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. முதலில் மழைக் காய்ச்சல் என்றார்கள். பிறகு டெங்கு என்று உறுதியானது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு அந்தக் காய்ச்சல் வந்தால் என்ன ஆகலாம் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். தாய்க்கு ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பொறி இருக்கிற வீட்டிலேயே நோய் என்றதும், விசிறி பழுதோ என்று பார்க்க நானே அந்தச் சந்துக்குப் போனேன். பூட்டிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் சாவி வாங்கி, வாளியின் மூடியைத் திறந்தேன். பெருமாள் கோயில் தீர்த்தத்தின் வாசம் முகத்தில் அடித்தது. விசிறி அழகாக ஓடிக்கொண்டிருந்தது. வலையில் காய்ந்த மல்லிகை. குழிக்குள் கையை விட்டால் பாலிதீன் முடிச்சும், கற்பூரத் துணியும். ஒரு நொடி எனக்குச் சிரிப்பு வந்தது, அதை மறைக்க விரும்பவில்லை. அடுத்த நொடி பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த பாயைப் பார்த்தேன். தலையணையில் அவளுடைய முடி ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை.

மதினியிடம் அன்று மதியமே போய்ச் சொன்னேன். அடுப்படியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மனித வாடை வந்தால்தான் கொசு வாளிக்கு வரும், வாடையைக் கட்டிப் போட்டுவிட்டுக் கற்பூரத்தையும் வைத்தால் கொசு வாளியைவிட்டு விலகிப் போய்விடும் என்று விளக்கினேன். விளக்கும்போதே என் குரல் ஏதோ வகுப்பு எடுக்கிறவளுடையதாக எனக்கே பட்டது. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“அப்ப கொசு போகல. அங்கனயேதான் இருந்துச்சு?”

ஆமாம் என்றேன். உரித்த வெங்காயத்தையும் தோலையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பெண்ணைக் கடித்த கொசு எந்த இடத்தில் கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆஸ்பத்திரிக்குச் செக்கப்புக்குப் போன இடத்திலும் கடித்திருக்கலாம், பொறி ஒழுங்காக வேலை செய்திருந்தாலும் காய்ச்சல் வந்திருக்கலாம் என்றெல்லாம் சொன்னேன். ஆறுதலுக்காகச் சொன்னது இல்லை, அதுதான் உண்மை.

“ஒங்க ஆபீசு கணக்குல அது நிக்காமப் போகலாம் பாப்பா. அந்தப் புள்ளய மிஷினுக்குப் பக்கத்துல படுக்கச் சொன்னது நானு.”

கையைக் கழுவிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். சேலையைக்கூட மாற்றவில்லை. பூக்கார அக்காவிடம் எதுவும் இப்போது சொல்ல வேண்டாம், அவர் இருக்கிற நிலையில் என்ன பேசுவார் என்று தெரியாது என்று நான் தடுத்தேன். கூலி வேலை போய்விடும் என்று அண்ணன் பயந்தார். மதினி இரண்டு பேரையும் ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. தனியாக விட மனமில்லாமல் நானும் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

பிரசவ வார்டுக்கு வெளியே நடைபாதையில் பூக்கார அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போகிறது, பிள்ளையின் துடிப்பை மணிக்கொரு தரம் பார்க்கிறார்கள் என்று சொன்னார். மதினி அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை. முடிச்சுப் போட்டதையும், கற்பூரம் வைத்ததையும், அதனால் கொசு பிடிபடாமல் வீட்டுக்குள்ளேயே திரிந்ததையும், ஆட்கள் வேறு பக்கம் போனதையும் ஒன்று விடாமல் சொன்னார். சாமியக் கும்புட்டு இப்படிப் பண்ணிப்புட்டேனேக்கா என்று அப்போதுதான் அழுதார். பூக்கார அக்கா அடித்தாலும் குறுக்கே போகக் கூடாது என்று மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன். அவர் மதினியின் குனிந்த தலையைப் பார்த்தார்.

“நீ கற்பூரம் வச்ச. பூக் குடுத்தது நானு. ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்னுதான வச்சோம்” என்றார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அதட்டலாகச் சொன்னார். “இங்க ஒக்காந்து அழுது என்னத்தக் கண்ட? அந்தச் சந்துல இன்னும் ரெண்டு வயித்துப்புள்ளக்காரி இருக்காளுக. போ. போயி மொதல்ல அந்த மிஷின நாற வையி.”

மகள் உள்ளே பிழைப்பாளோ மாட்டாளோ என்று இருக்கிற நேரத்தில் ஒரு தாய் சொன்ன வார்த்தை இது. நான் படித்த படிப்பிலும் பார்த்த வேலையிலும் பொறி எதற்காக என்பதை இவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. மதினி எழுந்து நின்று முந்தானையை இடுப்பில் செருகினார்.

நாற வைப்பது அவ்வளவு எளிதாக இல்லை. பாலிதீனைப் பிரித்துவிட்டோம், ஆனால் பிளாஸ்டிக்கில் ஏறிய கற்பூர வாசம் எத்தனை கழுவினாலும் போகவில்லை. புது வாளிகள் வர நாளாகும் என்றார்கள். பொட்டலம் வராத காலத்தில் ஆராய்ச்சிக்காரர்கள் போட்டுக் கழற்றிய சாக்ஸை வைத்தும் கொசுவை இழுத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று நான் பேச்சுவாக்கில் சொன்னேன். மதினிக்கு அது போதும். கற்பூரத்தையும் மிஞ்சுகிற வாடை வேண்டும் என்று, ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு சந்து முழுக்க அழுக்கு சாக்ஸ் கேட்டு வசூலுக்குக் கிளம்பிவிட்டார். கற்பூரம் வைத்ததையும், அதனால் என்ன ஆனது என்பதையும் ஒவ்வொரு வாசலிலும் அவரே சொன்னார். கதவைச் சாத்திய வீடுகளில்கூட அன்றைக்குக் கதவு திறந்தது. செக்யூரிட்டி வேலை பார்க்கிறவர், கண்டக்டர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஆளுக்கு ஒரு ஜோடி. முதல்நாள் துவைத்துவிட்டோமே என்று வருத்தப்பட்ட வீடுகளும் உண்டாம். தண்ணியக் கொட்டச் சொன்னா அடிக்க வந்தாக, அழுக்கக் கேட்டா அள்ளிக் குடுக்குறாக என்று மதினி அந்த நேரத்திலும் ஒரு கிண்டலைச் சொல்லிவிட்டுத்தான் போனார். ஒரு வாரம்கூடக் காத்திருக்கவில்லை, மூன்றாம் நாளே பைகளைக் கொண்டுவந்தார். கனத்து இருந்தன. நான் எண்ணி முடித்து அதிகாரியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மதினி அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார். அதிகாரி தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் மாலைக்குள் ஆட்கள் அந்தச் சந்துக்குத் திரும்பினார்கள். மதினியின் வேலை போகவில்லை. பொறிக்குப் பூஜை போடக் கூடாது என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தோமா என்று அதிகாரி எங்களைக் கேட்டார். யாரும் சொல்லியிருக்கவில்லை.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். நாள் முந்திப் பிறந்த பெண் குழந்தை, இரண்டு கைக்குள் அடங்கும் அளவுக்கு இருந்தது, கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றினார்கள். அந்த நாட்களில் மதினி தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் வெளியிலேயே நின்றுவிட்டு வருவார். குழந்தையைத் தூக்கச் சொன்னபோது, எங் கையில வேண்டாம்க்கா என்று பின்னால் நகர்ந்தாராம். பூக்கார அக்கா திட்டித்தான் மடியில் போட்டிருக்கிறார்.

திட்டம் முடிந்து வாளிகளைக் கழித்துக் கட்டியபோது, பூக்கார அக்கா வீட்டிலிருந்த வாளியை மட்டும் மதினி கேட்டு வாங்கிக்கொண்டார். மழைக்காலம் வந்தால் இன்றைக்கும் ஓட்டுகிறார். அவருக்கு முட்டி தேய்ந்துவிட்டது, வேலைக்குப் போவதை விட்டுவிட்டார், நானும் ஆய்வகத்தில் வேறு பிரிவுக்கு மாறிவிட்டேன். இருந்தாலும் பையை நீட்டி, எம்புட்டு இருக்குன்னு எண்ணிச் சொல்லு பாப்பா என்பார். எண்ணிச் சொல்வேன். கூடுதலாக இருந்தால் கம்பை ஊன்றிக்கொண்டு போய்த் தெருவில் நாலு டிரம்மைத் திறந்து பார்த்து, நாலு பேரிடம் சண்டை போட்டுவிட்டு வருவார்.

இந்த ஆயுத பூஜைக்கு நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். வண்டிக்கு மாலை போட்டாயிற்று, கிரைண்டருக்குப் பொட்டு வைத்தாயிற்று. வழக்கம்போல பூக்கார அக்கா வீட்டிலிருந்து மல்லிகைப் பந்து வந்தது. அதைக் கொண்டுவந்தது அந்தப் பேத்தி. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், நெடுநெடுவென்று வளர்ந்திருக்கிறாள். பூவை என்னிடம் கொடுத்துவிட்டு, தனியாக முடிச்சுப் போட்டிருந்த ஒரு பாலிதீன் பையை மதினியிடம் நீட்டினாள். விடுமுறைக்கு முந்தின நாள் போட்டுக் கழற்றிய, துவைக்காத அவளுடைய பள்ளிக்கூட சாக்ஸ். வருடந்தோறும் அந்த வீட்டிலிருந்து வருவதுதான். மதினி அதை இரண்டு கையாலும் வாங்கி, முடிச்சை அவிழ்த்து, வாளியின் குழிக்குள் போட்டு விசிறியைத் தட்டிவிட்டார். சின்னவள் வரிசையை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“எல்லாத்துக்கும் பொட்டு வச்சிருக்கீங்க. இதுக்கு மட்டும் ஏன் வைக்கல பாட்டி?”

அவளுக்கு யாரும் இன்னும் கதையைச் சொல்லவில்லை போலிருக்கிறது. அண்ணன் என்னைப் பார்த்தார், நான் பூப்பந்தைப் பிரிக்கத் தொடங்கினேன். மதினி கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, கிண்ணத்தின் அடியில் மிச்சமிருந்த சந்தனத்தை விரலால் வழித்தெடுத்தார். அவளை இழுத்து நிறுத்தி, நெற்றியில் அகலமாக வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார்.

“அதுக்கு உள்ளது இது. ஒனக்குன்னு எடுத்து வச்சேன்.”

சந்தனம் ஈரமாக இருந்ததால் மூக்கு வரைக்கும் வழிந்தது. அவள் துடைக்கப் போனாள். மதினி கையைத் தட்டிவிட்டு, காயட்டும் இரு என்றார். சுவரோரத்தில் வாளி ஓடிக்கொண்டிருந்தது.